கழிமுகத்தில் குடியிருக்கும் காலரா

நம் பழைய பங்குக் கோவில்கள் பலவற்றில் புனித செபஸ்தியாரின் சுரூபம் இருக்கும். அம்புகள் தைத்த அந்த மறைசாட்சியை நம் முன்னோர் கொள்ளைநோய்க் காலத்துப் பாதுகாவலராகப் போற்றி வந்தனர். ஊரில் வாந்திபேதி கண்டால் சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றித் தெருத்தெருவாகச் செபித்துக்கொண்டு சுற்றிவருவர். காலையில் நலமாய் இருந்தவனை மாலையில் கல்லறைக்கு எடுத்துச் சென்ற நாட்கள் அவை. அவர்களது விசுவாசத்தை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஆனால், ‘இது பாவத்துக்கு வந்த தண்டனை’ என்று அன்று சொல்லப்பட்டதும், இன்றும் சில இல்லங்களில் சொல்லப்படுவதும் என் மனத்தை உறுத்துகின்றன. காலராவில் பெரும்பாலும் இறந்தவர்கள் ஏழைகளும் அவர்தம் குழந்தைகளுமே. பாவமோ ஏழை வீட்டில் மட்டும் குடியிருப்பதன்று. எனவே அந்தக் கிருமி உண்மையில் எங்கே குடியிருக்கிறது, எதனால் பெருகுகிறது, எதனால் அடங்குகிறது என்பதை இம்மாதம் பார்ப்போம். அதற்கு வாசகர்கள் என்னோடு சற்றுத் தொலைவு, வங்காளம் வரையில் வர வேண்டும்.

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா என்னும் மூன்று பேராறுகள் ஒன்றுகூடிக் கடலில் விழும் நிலம் அது. ஒரே ஆறாக அவை விழுவதில்லை. நூற்றுக்கணக்கான கால்வாய்களாகப் பிரிந்து, சுந்தரவனத்தின் அலையாத்திக் காடுகளுக்கு இடையே புகுந்து கடலைச் சேர்கின்றன. நாளுக்கு இருமுறை கடல் ஏறி ஆற்றுக்குள் வரும். இருமுறை இறங்கிப் போகும். நன்னீர் இலேசானது, ஆதலால் மேலே ஓடும். உவர்நீர் கனமானது, ஆதலால் அடியில் புகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு; ஆற்றுநீரில் இல்லையென்றே சொல்லலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லா அளவுகளும் கழிமுகத்தில் கிடைக்கும். அதுவும் வேளைக்கு வேளை மாறிக்கொண்டே இருக்கும். ஆறு கொண்டுவரும் வண்டலும் மட்கிய இலையும் அங்கே வாழும் உயிர்களுக்கு உணவு. மீனும் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும் தொட்டில் என்று கழிமுகத்தைச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களுக்கும் அதுவே தொட்டில்.

1817-இல் இந்நிலப்பகுதியிலுள்ள ஜெசூர் பட்டணத்தில் மூண்ட காலராதான் முதன்முறையாக உலகெங்கும் பரவிய கொள்ளைநோயாயிற்று. அதன்பின் ஆறு முறை அது உலகைச் சுற்றியது. ஏழாவது சுற்று 1961-இல் இந்தோனேசியாவில் தொடங்கி இன்னும் ஓயவில்லை. 1854-இல் இத்தாலியின் பிளாரன்சு நகரில் பிலிப்போ பச்சீனி என்னும் மருத்துவர், இறந்தவர்களின் குடலில் காற்புள்ளிபோல் வளைந்த கிருமியைக் கண்டு எழுதினார். அவர் சொன்னதை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. 1884-இல் ஜெர்மானியரான ராபர்ட் காக் கல்கத்தாவில் அதே கிருமியைப் பிரித்தெடுத்து, மக்கள் புழங்கிய குளத்து நீரிலும் அதைக் கண்டார். அதன்பின் நெடுங்காலம் மருத்துவ உலகம் ஒன்றையே நம்பிற்று: காலராக் கிருமி மனிதக் குடலில் வாழ்வது, மலத்தோடு நீரில் கலந்து சில நாள் பிழைத்திருக்கும், மற்றொரு மனிதன் கிடைக்காவிட்டால் மடிந்துபோகும். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. நோயாளி ஒருவரும் இல்லாத மாதங்களில் அது எங்கே போய் ஒளிந்திருந்தது?

இக்கேள்விக்கு விடை, காலரா இல்லாத ஓரிடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் செசபீக் விரிகுடா என்னும் மாபெரும் கழிமுகம் உண்டு. 1970-களில் ரீட்டா கோல்வெல் என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் அந்நீரில் காலராக் கிருமியின் இனத்தைக் கண்டெடுத்தனர். சுற்றிலும் காலரா நோயாளி ஒருவரும் இல்லை. ‘நோயில்லாத இடத்தில் நோய்க்கிருமியா?’ என்று பலர் நகைத்தனர். அவரோ பின்வாங்கவில்லை, வங்கதேசத்துக்கும் வந்து ஆண்டுக்கணக்கில் குளங்களிலும் ஆறுகளிலும் தேடினார். கடைசியில் தெளிவானது இதுதான்: காலராக் கிருமி இயல்பில் கழிமுகத்து உயிர். மனிதக் குடல் அதற்கு இடையில் வாய்த்த இரண்டாம் வீடு. குளிர் மிகுந்து உணவு குறைந்தால் அது சாவதில்லை. உடலைச் சுருக்கி உருண்டையாகி உறங்குகிறது. அந்நிலையில் ஆய்வுக்கூடத் தட்டில் எவ்வளவு உணவிட்டாலும் வளராது. ஆதலால் பழைய முறைகளால் சோதித்தவர்கள் நீரில் கிருமி இல்லையென்றே எழுதிவைத்தனர். உயிர் இருக்கிறது, வளர்ச்சி இல்லை என்னும் இந்நிலை 1982-இல்தான் விளங்கிற்று.

இனி, அது எதில் ஒட்டி வாழ்கிறது என்று பார்ப்போம். கழிமுக நீரில் மிதக்கும் உயிர்களுள் கோபிபாடு என்று ஒன்று உண்டு. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவே. அதன் மேலோடு கைட்டின் என்னும் பொருளாலானது. காலராக் கிருமி அவ்வோட்டின்மேல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, அதையே உணவாகவும் உண்கிறது. ஒரே கோபிபாட்டின்மேல் பத்தாயிரம் கிருமிகள் வரை இருக்கக் கூடும். ஒரு குவளை நீரோடு இத்தகைய சிலவற்றை விழுங்கினால் போதும், நோய் உண்டாக்கும் அளவுக்குக் கிருமி உள்ளே சென்றுவிடும். கைட்டின்மேல் இருக்கும்போது அக்கிருமி பிற கிருமிகளின் மரபுப்பொருளைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் திறனையும் பெறுகிறது என்று 2005-இல் கண்டனர்.

உப்பும் வெப்பமும் இதில் செய்யும் வேலை வியப்பானது. நம் குடலிலிருந்து சாக்கடை வழியே ஆற்றில் கலக்கும் சாதாரண மலக்கிருமிகள் கழிமுகத்தை அடைந்ததும் தளர்கின்றன. உப்பு அவற்றுக்கு ஆகாது, வெயில் கொல்கிறது, நீரிலுள்ள சிற்றுயிர்கள் தின்றுவிடுகின்றன. அடிச்சேற்றில் புதைந்தவை மட்டும் சிலகாலம் தப்பிக் கிடக்கும். காலராக் கிருமிக்கோ அளவான உப்பு வேண்டும். லிட்டருக்கு 5 முதல் 25 கிராம் வரையுள்ள உவர்நீர் அதற்கு மிகவும் உகந்தது. வெதுவெதுப்பும் வேண்டும். ஆதலால் ஒன்றைக் கொல்லும் நீரே மற்றொன்றை வளர்க்கிறது. ‘கடல்நீர் எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிடும்’ என்று கரையோரத்தார் சொல்வதில் பாதியே உண்மை.

வங்காளத்தில் காலரா ஆண்டுக்கு இருமுறை தலையெடுக்கும்: கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை, மழைக்காலம் முடிந்தபின் ஒருமுறை. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றல்ல. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் ஆற்றில் நீர் வற்றுகிறது. தடுக்க ஆளில்லாத வீட்டில் நுழைவதுபோல் கடல் கால்வாய்கள் வழியே உள்நாட்டுக்குள் ஏறுகிறது. தன்னோடு மிதவை உயிர்களையும் கொண்டுவருகிறது. சூடேறிய கடலில் முதலில் பாசி பெருகும். சில வாரங்கள் கழித்து அதை உண்ணும் கோபிபாடு பெருகும். அதன்மேல் கிருமி பெருகும். 1975-இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் வங்கதேசத்தின் தென்மேற்கில் கோடைக்கால உவர் மேலும் மிகுந்தது. செப்டம்பருக்குப் பிறகு வருவதோ வெள்ளத்தின் வேலை. கழிப்பிடமும் குளமும் கிணறும் ஒன்றாகக் கலந்து, ஒரு வீட்டு நோய் ஊரெல்லாம் பரவுகிறது. முன்னதில் கடல் ஊருக்குள் வருகிறது. பின்னதில் ஊரே தன் அழுக்கைக் குடிக்கிறது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் உயரத்தையும் செயற்கைக்கோளால் அளந்து, வங்கதேசத்துக் காலரா அவற்றோடு ஒத்து ஏறி இறங்குவதை 2000-இல் வெளியிட்டனர்.

கிருமிக்கும் எமன் உண்டு. பாக்டீரியாவைக் கொல்லும் நச்சுயிரி ஒன்று அதே நீரில் வாழ்கிறது. 1896-இல் ஆக்ராவில் ஹாங்கின் என்னும் ஆங்கிலேயர், கங்கை யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக எழுதினார். டாக்காவில் இவற்றை எண்ணிப் பார்த்தபோது, கொள்ளைநோய் உச்சத்தை அடையும் வேளையில் இந்நச்சுயிரிகளும் நீரில் பெருகி, அதன்பின் நோய் தணிவதைக் கண்டு 2005-இல் எழுதினர். ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. கழிமுகத்திலுள்ள காலரா இனக் கிருமிகளுள் மிகப் பெரும்பாலானவை மனிதனுக்குத் தீங்கற்றவை. குடலை வற்றச் செய்யும் நஞ்சை ஆக்கும் மரபுக்கூறு சிலவற்றுக்கே உண்டு. அதை அவற்றுக்குக் கொடுத்ததும் ஒருவகை நச்சுயிரியே. இருநூற்றுக்கு மேற்பட்ட வகைகளுள் ஒன்று மட்டுமே கொள்ளைநோய் தரும் என்று எண்ணியிருந்த காலத்தில், 1992-இன் பிற்பகுதியில் நம் சென்னையிலேயே புதுவகை ஒன்று தலைகாட்டியது. சில மாதங்களில் வங்காள விரிகுடாவின் கரையோரமாகக் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அது அடைந்தது. அதற்கு ‘வங்காளம்’ என்றே பெயரிட்டனர்; நம் ஊர்ப் பெயர் தப்பியது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது, அப்படியானால் இயற்கைதான் குற்றவாளி, மனிதன் என்ன செய்வான் என்று கைகழுவத் தோன்றும். பிலாத்துவும் நீரில்தான் கைகழுவினான். ஹெயிட்டி நாட்டின் கதையை இங்கே சொல்ல வேண்டும். நம்மவரைப் போலவே கத்தோலிக்க விசுவாசம் ஊறிய ஏழை மக்கள் அவர்கள். 2010 சனவரியில் நிலநடுக்கம், அக்டோபரில் காலரா. நூறாண்டுகளாக அங்கே அந்நோய் பதிவானதில்லை. சூடான ஆண்டு, கழிமுகத்து நீர், ஆகவே உள்ளூர்க் கிருமியே விழித்தெழுந்தது என்று சில அறிஞர் வாதித்தனர். ஆனால் கிருமியின் மரபுப்பொருளை ஆராய்ந்தபோது அது நேபாளத்தில் அப்போது பரவிய கிருமியோடு பொருந்திற்று. நேபாளத்திலிருந்து வந்த ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் முகாமிலிருந்து கழிவு ஓடையில் கலந்து, அங்கிருந்து ஆர்த்திபோனித் என்னும் பெரிய ஆற்றில் சேர்ந்தது. வயலில் உழைத்தவர்கள் அந்த ஆற்றைத்தான் குடித்தார்கள். ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். ஐக்கிய நாடுகள் சபை 2016-இல்தான் வருத்தம் தெரிவித்தது. உப்பும் சூடும் கோபிபாடும் கிருமியை வளர்க்கும்; ஆனால் கழிவைக் குடிநீரோடு சேர்க்கும் வேலையை மனிதனே செய்கிறான். பாதுகாப்பான குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுமடலில் எழுதியது, இத்தகைய ஆறுகளைக் குடிப்பவர்களை எண்ணியே என்று நான் கொள்கிறேன்.

கடல் சூடேறும் நம் காலத்தில் இக்கிருமியின் உறவினங்கள் புதிய இடங்களையும் நாடுகின்றன. உப்புக் குறைந்த பால்டிக் கடலில், 2014-இன் கடுங்கோடையில், குளித்த சுவீடன், பின்லாந்து மக்களுக்குப் புண்ணும் காய்ச்சலும் கண்டன. அம்மை நோயை 1980-இல் ஒழித்தோம் என்று அறிவித்தார்கள். அக்கிருமிக்கு மனிதனன்றி வேறு வீடு இல்லை. காலராவை அப்படி ஒழிக்க இயலாது, அதன் வீடு கழிமுகம். கழிமுகத்தை ஒழித்தால் மீனும் இறாலும் ஒழியும்.

ஆதலால் தடுப்பு முழுவதும் குடிக்கும் நீரில்தான் இருக்கிறது. கிருமி தனியே இருந்தால் எந்தத் துணியிலும் நிற்காது. கோபிபாட்டின்மேல் ஒட்டியிருந்தால்? அன்வருல் ஹக் என்னும் வங்கதேச விஞ்ஞானியும் கோல்வெல்லும் இதைத்தான் எண்ணிப் பார்த்தனர். அவ்வூர்ப் பெண்கள் பானகத்தில் தூசி இல்லாமலிருக்கப் பழைய சேலைத் துணியால் வடிகட்டும் வழக்கமுடையவர்கள். புதுச் சேலையைவிடப் பழையதே நல்லது. துவைத்துத் துவைத்து நூல் பஞ்சாகி, கண் நெருங்கிவிடும். நான்கு முதல் எட்டு மடிப்பு மடித்தால் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குள்ள துகளையும் அது தடுக்கும். 1999 முதல் மூன்றாண்டுகள் மத்லப் பகுதியில் 65 சிற்றூர்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே சோதித்தனர். சேலையால் வடித்த ஊர்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது. ஐந்தாண்டுகள் கழித்து எவரும் தூண்டாமலே போய்ப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் இன்னும் ஏதேனும் ஒன்றால் வடிகட்டிக்கொண்டிருந்தனர். அவர்களைச் சுற்றியிருந்த, வடிகட்டாத வீடுகளிலும் நோய் சற்றுக் குறைந்திருந்தது.

விறகுக்கே வழியில்லாதவர்களுக்கான ஏற்பாடு அது. அடுப்பு எரிக்க முடிந்தவர்கள் நீரைக் கொதிக்கவைப்பதே மேல். கொதியில் கிருமி தப்பாது. வடிகட்டித்தான் ஆக வேண்டும் என்னும் நிலையில், பானையின் வாயில் துணியை இறுகக் கட்டி, எப்போதும் ஒரே பக்கம் மேலே இருக்குமாறு நீரை ஊற்ற வேண்டும். முடிந்ததும் துணியை நன்றாக அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரம் போனால் அதில் ஒட்டிய கிருமி பிழைக்காது.