ரெண்டுக்கு மூணா, அஞ்சுக்கு ஆறா?

ஈஜிபுராவில் குடியிருக்கும் நம்மூர்ப் பசங்களுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு வந்தால் போதும், கோவாதான். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் மறுநாள் பணஜி, சாயங்காலம் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலில் சீட்டாட்டம். (1976ஆம் வருட கோவா சூதாட்டச் சட்டத்தை 1996இல் திருத்தி, கரையை விட்டுத் தள்ளிக் கப்பலில் ஆடலாம் என்று வழி செய்தார்கள். தண்ணீரில் மிதந்தால் பாவம் கரைந்துவிடும் போல!) திரும்பி வந்ததும் எல்லோரிடமும் ஒரே புலம்பல்: "ராசியே இல்ல சார்."

ராசி கிடக்கட்டும். என்னுடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அப்படிப் புலம்பியபோது நான் கேட்டது ஒரே கேள்வி. "பிளாக்ஜாக் விழுந்தா எவ்வளவு கொடுத்தாங்க? ரெண்டுக்கு மூணா, அஞ்சுக்கு ஆறா?" முழித்தார். தினமும் கவுண்டரில் உட்கார்ந்து கடன்காரர்களுக்கு வட்டி விகிதம் விளக்குகிற ஆள் அவர்!

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சீட்டின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் எடுத்தால் ஜெயம். ஆனால் முதலில் ஆடுவது நாம். தாண்டிவிட்டால் பணம் அப்போதே போச்சு, பின்னால் டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. கேசினோவின் லாபம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதை ஓரளவு ஈடுகட்டத்தான் முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் (அல்லது ராஜா, ராணி, ஜாக்கி) வந்தால் கூடுதல் பணம். பழைய வழக்கப்படி ரெண்டுக்கு மூணு, அதாவது 500 வைத்தால் 750. அஞ்சுக்கு ஆறு மேசையில் அதே 500க்கு 600தான்.

150 ரூபாய் வித்தியாசம்தானே என்பீர்கள். பி.காம். படித்தவன் சும்மா விடுவேனா? இந்த ஜோடி சுமார் 21 ஆட்டத்துக்கு ஒரு முறை விழும். மணிக்கு 60 ஆட்டம் என்றால் கிட்டத்தட்ட மூன்று முறை. சில சமயம் டீலருக்கும் அதே விழுந்து சமன் ஆவதைக் கழித்தால், மணிக்குச் சுமார் 420 ரூபாய். நல்ல விதி உள்ள மேசையில், தப்பில்லாமல் ஆடுகிறவருக்குக் கேசினோவின் பங்கு அரை சதவீதம் அளவுதான். பையில் 10,000 இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் பந்தயமாகப் புரள்வது 30,000. அதில் அரை சதவீதம் 150. அஞ்சுக்கு ஆறு ஆனால் அது 570! எல்லாம் சராசரிக் கணக்கு, ஒரு ராத்திரியில் எப்படியும் ஏறும் இறங்கும். ஆனால் நம்ம தம்பி மாசம் தவறாமல் போகிறவராயிற்றே.

மற்ற விதிகள் இந்த அளவுக்குக் கடிக்காது. ஏஸும் ஆறும் சேர்ந்த 17இல் டீலர் நிற்காமல் இன்னொரு சீட்டு எடுக்கலாம் என்றால் நமக்கு 0.2 சதவீதம் நஷ்டம். ஒரு கட்டுக்குப் பதில் ஆறு, எட்டுக் கட்டு கலந்தால் அரை சதவீதத்தை ஒட்டி.

விஷயம் தெரிந்தவர்கள் முன்பு சும்மா இருக்கவில்லை. எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர் 1962இல் புத்தகம் எழுதி, சீட்டை எண்ணி ஜெயிக்கலாம் என்று காட்டினார். பயந்துபோன லாஸ் வேகாஸ் கேசினோக்கள் 1964 ஏப்ரலில் விதியை இறுக்கின. ஏஸ் ஜோடியைப் பிரிக்கக் கூடாது, 11 வந்தால் மட்டும்தான் பந்தயத்தை இரட்டிக்கலாம். மேசைகள் காலியாயின, சில வாரத்திலேயே பழைய விதிக்கே திரும்பினார்கள். அதே ஊரில் 2000க்குப் பிறகு அஞ்சுக்கு ஆறு பரவியபோது கூட்டம் கலையவில்லை. ஏன்? என் ஊகம், "ஜோடியைப் பிரிக்காதே" என்றால் கையைப் பிடித்த மாதிரி கோபம் வரும். 6, 5 என்பதோ 3, 2ஐவிடப் பெரிய எண்ணாகத் தெரிகிறது. அவ்வளவுதான்!

நம்மூரில் அரசும் ஒரு சீட்டு போடுகிறது. கேசினோவில் சிப் வாங்கக் கொடுக்கும் முழுப் பணத்துக்கும் 2023 அக்டோபரில் இருந்து 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40. யார் கட்டினாலும் கடைசியில் ஆடுகிறவர் பையில் இருந்துதான் வரும். அப்புறம் அரை சதவீதம் பார்த்து என்ன பயன் என்கிறீர்களா? ஜெயித்த பணத்தைத் திரும்ப வைத்தால் அதற்கு மறுபடி ஜி.எஸ்.டி. இல்லை. அஞ்சுக்கு ஆறு ஒவ்வொரு ஆட்டத்திலும் கடிக்கும். வருமான வரி இன்னும் மோசம். சனிக்கிழமை 20,000 தோற்று ஞாயிறு 20,000 ஜெயித்தால் நம் கணக்கு சரிக்குச் சரி. சட்டத்தின் கணக்கில் 20,000 வருமானம், 30 சதவீத வரி, செஸ் தனி. தோற்றதைக் கழிக்க முடியாது.

என் கட்சி இதுதான். மொத்தமாக இழுத்து மூடு என்று நான் சொல்லவில்லை. சில்லறைக் கடன் கொடுத்தால், எல்லாக் கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் எங்களைக் கட்டாயப்படுத்துகிறது. 50,000 ரூபாய்க் கடனுக்கு அந்தக் கெடுபிடி என்றால், லைசன்ஸ் கொடுக்கும் கோவா அரசு ஒவ்வொரு மேசையிலும் ஒரு பலகை வைக்கச் சொல்லட்டும்: "இந்த மேசை விதிப்படி, சரியாக ஆடினாலும் நூற்றுக்கு இத்தனை எங்களுக்கு." கொங்கணியிலும் இந்தியிலும் எழுதட்டும். வருகிற கூட்டத்தைப் பார்த்தால் கன்னடமும் தமிழும் சேர்க்கலாம்.

"திறமை இருந்தா ஜெயிக்கலாம் சார்" என்கிறார் தம்பி. திறமை 570ஐக் குறைக்காது தம்பி. அது திறமையாக ஆடுகிறவருக்குப் போட்ட கணக்கு. தப்பாக ஆடினால் இன்னும் ஏறும்.

பலகை வரும்வரை, உட்காரும் முன் மேசைத் துணியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். படிக்க முடியவில்லை என்றால் டீலரைக் கேளுங்கள். அஞ்சுக்கு ஆறு என்றால் நேராக பஃபே பக்கம் போய்விடுங்கள். சாப்பாட்டுக்கு நுழைவுக் கட்டணத்திலேயே வாங்கியிருப்பார்கள் :-)