'கஷ்டம்' என்று நான் எழுதிய மூன்றாம் நாள்

போன செப்டம்பரில் ஐந்து நாள் கிரவல் சைக்கிளில் பிரினெக்சுஸ் சுற்றை ஓடி முடித்தேன். ஸ்பெயினில் ஜிரோனாவில் தொடங்கி, பிரெனே மலையைக் கடந்து பிரான்சுக்குள் இறங்கி, மறுபடி எல்லை தாண்டி, கோஸ்டா பிராவா கடற்கரையோரமாக ஜிரோனாவுக்கே திரும்புகிற பாதை. கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். மூன்றாம் நாள் கோல் டாரெஸ் கணவாயில் ஏறி நின்று படம் எடுத்தேன். உயரம் 1,513 மீட்டர். "கஷ்டம் என்றால் இதுதான்" என்று எழுதி ஸ்ட்ராவாவில் போட்டேன். குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டேன்.

அம்மாவின் பதில் வழக்கமானது: கார் வாங்கித் தந்தும் ஏன் இந்த வேலை? பெரியப்பா மட்டும் குரல் பதிவு அனுப்பினார். "தம்பி, வடிவாயிருக்கு. எவ்வளவு பாரம் ஏத்தினனி? கரியர் இல்லாம எப்பிடிக் கட்டினனி?"

அன்று இரவு போன் எடுத்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அவரும் கோண்டாவிலில் இருந்து வெளிக்கிட்டவர். பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில் சைக்கிள்தான் எல்லாம். கரியரில் அப்பாச்சி, ஹாண்டிலில் இரண்டு உடுப்புப் பை, பாரில் அரிசி மூட்டை. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் சனம் நெருக்கி, ஓட முடியாது, தள்ளத்தான் முடியும். சாவகச்சேரி 20 கிலோமீட்டர்கூட இல்லை. விடிந்த பிறகும் போய்ச் சேரவில்லையாம்.

இதை அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பாரத்தை முன்னுக்குப் போட்டால் ஹாண்டில் ஆடும் என்று விளக்கவே சொன்னார். அது சரிதான், நானும் முன்பையைப் பாதியாக்கினேன்.

அந்தக் கணவாய்க்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1939 ஜனவரி 26 பார்சிலோனா ஃபிராங்கோவின் படையிடம் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரான்சுக்குள் நடந்தார்கள். ஒரு பகுதியினர் பனியில் கோல் டாரெஸ் ஏறி ப்ராட்ஸ் டி மொல்லோவுக்கு இறங்கினார்கள். நான் பிரேக் பிடித்துப் பிடித்துச் சந்தோஷமாக இறங்கிய அதே சரிவு. பலரை ஆர்ஜெலஸ் கடற்கரையில், கூரையில்லாத வெறும் மணலில், முள்கம்பிக்குள் வைத்தார்கள்.

அதனால் சைக்கிள் ஓடுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. போங்கள், கட்டாயம் போங்கள். எனக்குப் பிரச்சினை அந்தச் சொல்லோடுதான். எங்கள் பயணப் பதிவுகளில் 'கஷ்டம்', 'உயிர் தப்பினேன்', 'போராட்டம்' எல்லாம் சும்மா வருகின்றன. என் பையில் பாஸ்போர்ட்டும் வங்கி அட்டையும் இருந்தன. களைத்தால் ஹோட்டல், முடியாவிட்டால் ரயில். முக்கியமாக, நான் ஓடியது சுற்றுப் பாதை, தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். பெரியப்பாவின் பாதையில் அந்த வசதி இருக்கவில்லை. கால் நோவுக்குக் கால் நோவு என்றே எழுதலாமே. நான் அந்தத் தலைப்பை மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. நாலாம் நாள் எல்லையில் லெ பெர்த்யூஸ் வரும், கடைவீதி முழுக்க மலிவு மதுவும் வாசனைத் தைலமும். என் மச்சான்மார் அதோடு திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் கீழே லா ஜொங்கேராவில், 1939இல் வெளியேறியவர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வாட்ஸையும் சராசரி வேகத்தையும் பார்த்துக்கொண்டு நானும் அதைத் தாண்டியிருப்பேன். முதல்நாள் இரவு அந்தப் போன் வந்ததால் நின்றேன். இரண்டு மணி நேரம் போனது. கடற்கரைக்கு இருட்டில்தான் போய்ச் சேர்ந்தேன், விளக்கின் பற்றரியும் முடிந்திருந்தது.

முதல்முறை போகிறவர்கள் மலையை விட்டுவிட்டு, ஒலோட்டில் இருந்து ஜிரோனாவுக்கு 54 கிலோமீட்டர் மட்டும் ஓடிப் பாருங்கள். 1969இல் மூடிய சின்ன ரயில் பாதை இப்போது மண் பாதை. பெரும்பாலும் இறக்கம், 40 மில்லிமீட்டர் டயர் தாராளம். அடுத்த நாள் சான் ஃபெலியு கடல்வரை இன்னொரு 39 கிலோமீட்டர், அதுவும் பழைய ரயில் பாதைதான்.

பெரியப்பாவுக்கு இப்போது 68. வசந்தத்தில் அந்த 54 கிலோமீட்டருக்கு வருகிறார். மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அதில கரியர் இருக்குமோ?"