கருவி கண்டவர் பெயர் எங்கே?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒரு திரைப்படம் வெளிவந்த மறுநாள் நம் வகுப்பறைகளில் நடக்கும் விவாதத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கதாநாயகனின் நடை, நாயகியின் கண், இசையமைப்பாளரின் பின்னணி இசை, பாடலாசிரியரின் ஒரு வரி, சண்டைப் பயிற்சியாளரின் துணிவு என்று எத்தனையோ பேருக்கு நாம் மதிப்பெண் வழங்குகிறோம். ஒளிப்பதிவாளரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அவன் அறிவாளி! ஆனால் அந்தக் காமிராவைக் கண்டவர் யார், அந்தப் படத்தைத் திரையில் விழச் செய்யும் கருவியைக் கண்டவர் யார் என்று எவரும் கேட்டு நான் அறிந்ததில்லை. யாரேனும் கேட்டால் ‘எடிசன்’ என்று ஒற்றைச் சொல்லில் விடை வருகிறது. பள்ளியில் நமக்குக் கற்பித்த விடை அது. அந்த ஒற்றைச் சொல் எத்தனை பேரை மறைத்து நிற்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

கலைப்பிரிவு நண்பர்கள் ஒரு பத்தி மட்டும் பொறுத்தருள வேண்டும். கொஞ்சம் இயற்பியல் தேவைப்படுகிறது.

பிலிம் சுருளில் ஓடிய காலத்தில், ஒரு பேசும்படம் வினாடிக்கு 24 படங்கள் வீதம் திரையில் விழுந்தது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். ஆகவே வினாடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்திற்கு 90 அடி பிலிம் ஓடியாக வேண்டும். ஆனால் அது வெறுமனே ஓடினால் திரையில் கலங்கல்தான் தெரியும். ஒவ்வொரு படமும் விளக்கின் முன் ஒரு கணம் அசையாது நிற்க வேண்டும். பிறகு சட்டென்று நகர்ந்து அடுத்த படத்திற்கு இடம் விட வேண்டும். மேலே சுற்றியிருக்கும் கனத்த சுருளோ சீராகச் சுழல்கிறது. சீராக வருவதை வினாடிக்கு 24 முறை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்? நியூட்டனின் முதல் விதி தெரிந்த எவரும் சொல்லிவிடலாம். நிலைமத்தால் சுருள் உடன்வர மறுக்கும், பிலிம் கிழியும். ஐம்பது அடி நீளமுள்ள சின்னஞ்சிறு படங்களையே முதலில் காட்டி வந்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

இதற்குக் கண்ட தீர்வு கேட்டால் சிரிப்பு வரும். விளக்கு வாயிலுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் பிலிமைத் தொய்வாக, வளைவாக விட்டுவிடுவது. அவ்வளவுதான்! இழுப்பு அந்தத் தொய்வில் அடங்கிவிடும், சுருளுக்கு எட்டாது. காசு செலவில்லாத இந்தச் சிறு வளைவு இல்லாவிடில் நீண்ட படம் என்ற ஒன்றே சாத்தியப்பட்டிராது. பிலிம் காலத்தில் மூன்று மணி நேரப் படம் பார்த்து அழுதவர்களும் சிரித்தவர்களும் அந்தத் தொய்வின் தயவால்தான் அழுதார்கள், சிரித்தார்கள்.

அதற்கு ‘லேதம் லூப்’ என்று பெயர். உட்வில் லேதம் என்ற அமெரிக்கர் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் (வேதியியல் துறை நண்பர்கள் அவசரப்பட்டு மகிழ வேண்டாம்!). தம் இரு புதல்வரோடு சேர்ந்து குத்துச்சண்டைப் படங்களைக் காட்டும் தொழிலில் இறங்கினார். 1895 மே மாதம் நியூயார்க்கில் கட்டணம் வாங்கித் திரையில் படம் காட்டினார்கள். பாரிசில் லூமியர் சகோதரர்களின் புகழ்பெற்ற டிசம்பர் காட்சிக்கு ஏழு மாதம் முந்தியது அது. கருவியை உருவாக்கியவர்களோ வேறு. எடிசனிடம் வேலை செய்துவிட்டு வந்த யூஜீன் லாஸ்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர். எடிசனின் கூடத்தில் பணியாற்றியபடியே மறைவாக யோசனை சொல்லிவந்த வில்லியம் டிக்சன் மற்றொருவர். அந்த வளைவு இவ்விருவரின் கைவேலை என்றே ஆய்வாளர் பலர் எழுதுகின்றனர். இருவரில் யார் பங்கு எவ்வளவு என்பதில்தான் வாதம். ஆனால் 1902இல் காப்புரிமை லேதம் பெயருக்கு வந்தது. பின்னர் அது எடிசன் முன்னின்று 1908இல் அமைத்த கூட்டுக் கம்பெனியின் கையில் ஆயுதமாகி, 1912இல் நீதிமன்றத்தால் செல்லாது என்று தள்ளப்பட்டது. காப்புரிமை போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. இன்றும் நூல்களில் அது லேதம் லூப்தான்.

இந்த டிக்சன் சாமானியர் அல்லர். எடிசனின் திரைப்படக் காமிராவைச் செய்து முடித்தவரே அவர்தாம். முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம், ஒரு படத்துக்குப் பக்கத்திற்கு நான்கு துளைகள் என்று அவர் வகுத்த அளவு நூறாண்டுகளுக்கு மேல் உலகெங்கும் நின்றது. அவரும் லாஸ்ட்டும் 1935ஆம் ஆண்டில் காலமானார்கள். அதற்குள் பேசும்படம் உலகையே ஆட்டிப் படைத்துக் கொண்டிருந்தது. ஒலியைப் பிலிமிலேயே பதியும் முறைக்கு 1906இலேயே காப்புரிமை கோரியவரும் இதே லாஸ்ட்தான் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இதைவிட வேடிக்கையான கதை ஒன்றுண்டு. 1896 ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கின் இசையரங்கு ஒன்றில் ‘எடிசனின் வைட்டாஸ்கோப்’ என்ற பெயரில் திரையிடு கருவி அரங்கேறியது. கூட்டம் ஆரவாரித்தது. அந்தக் கருவியை எடிசன் கண்டுபிடிக்கவில்லை! வாஷிங்டனைச் சேர்ந்த தாமஸ் ஆர்மட், சார்லஸ் பிரான்சிஸ் ஜென்கின்ஸ் என்ற இரு இளைஞர்களின் உழைப்பு அது. ஒருவர் வீடு, மனை வியாபாரி. மற்றவர் அரசு அலுவலகச் சுருக்கெழுத்தர். மின்னியல் பள்ளி ஒன்றில் சந்தித்தவர்கள். எடிசன் பெயர் போட்டால்தான் சரக்கு விற்கும் என்று வியாபாரிகள் ஆர்மட்டிடம் எடுத்துச் சொல்ல, அவரும் இசைந்தார். ஹாலிவுட் அகாடமி ஆர்மட்டுக்குச் சிறப்பு விருது அளித்தது 1948 மார்ச்சில். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து! அந்தச் செப்டம்பரிலேயே அவர் மறைந்தார்.

எடிசனைத் தாழ்த்துவது என் நோக்கமன்று. கூடத்தை அமைத்தவர், கூலி கொடுத்தவர், துணிந்து பணம் போட்டவர் அவர். அதற்குரிய பெருமை அவருக்கே. ஆனால் பணம் போட்டவரின் பெயர் வேலை செய்தவரின் பெயரை ஏன் விழுங்க வேண்டும் என்பதே என் கேள்வி.

இக்கேள்வி எனக்கு நூலகத்தில் மட்டும் எழுந்ததன்று. என் தந்தையார் சினிமாக் கொட்டகை ஆபரேட்டராக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ‘லூப்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பேராசிரியரிடம் அன்று, அவரிடம்தான். ‘லூப் சின்னதா விட்டா பிலிம் அறுந்துடும், பெருசா விட்டா பேச்சு ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் போயிடும்’ என்பார். ஒலி ஏன் விலகுகிறது என்ற கணக்கு அவருக்குத் தெரியாது. விரல் அளவு தெரியும். அக்காலத்தில் புரொஜெக்டருக்கு வெளிச்சம் தந்தது கார்பன் குச்சி. எரிந்து குட்டையான குச்சிகளைத் தூக்கி எறிவதே வழக்கம். அப்பா செம்புத் தகட்டை உருட்டி ஒரு சிறு குழல் செய்து, குட்டைக் குச்சிகளை அதில் செருகிக் கடைசிவரை எரிய வைத்தார். இப்படிப்பட்ட சாதனம் உலகில் வேறெங்கும் இருந்ததில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர் யாரையும் பார்த்துச் செய்யவில்லை என்பதே செய்தி. கொட்டகை முதலாளி அதைத் தம் மற்ற இரு கொட்டகைகளிலும் மாட்டச் செய்தார். அதற்கு நிலைத்த பெயர் என்ன தெரியுமா? ‘முதலாளி கிளிப்’!

2012இல் டிஜிட்டல் கருவி வந்தது. ஆபரேட்டர் வேலை போயிற்று. இன்று அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். லேதம் கதையை அவரிடம் சொன்னேன். ‘பேரு யாரோடதா இருந்தா என்ன தம்பி, படம் நிக்காம ஓடுச்சா இல்லையா?’ என்றார். படம் அறுந்தால் மட்டுமே ‘டேய் ஆபரேட்டர்’ என்று கொட்டகையே நினைவுகூர்ந்த ஒரு மனிதர் அப்படித்தான் பேசுவார். அவருடைய பெருந்தன்மையை வணங்குகிறேன். அவருடைய விடையை ஏற்க மாட்டேன்.

‘எந்தக் கண்டுபிடிப்பும் தனி ஒருவனுடையதன்று, பல சிற்றாறுகள் சேர்ந்த நதி அது, யார் பெயரை எழுதுவது?’ என்று விடுதி நண்பர் ஒருவர் வாதிட்டார். நியாயமான வாதம். ஆர்மட்டும் ஜென்கின்சும் கூடத் தமக்குள் ‘நானே, நானே’ என்று சண்டையிட்டுப் பிரிந்தவர்கள்தாம். (அந்த ஜென்கின்ஸ்தான் 1916இல் திரைப்படப் பொறியாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார் என்பதும் நினைவிருக்கட்டும்.) ஆனால் சிற்றாறுகள் பல என்பதால் நதிக்குப் பணக்காரர் பெயரை வைத்துவிடலாமா? பலர் என்றால் பலரையும் எழுதுவோம். யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்று எழுதுவோம்.

இதை ஓரளவு செய்து காட்டுவதும் அதே ஹாலிவுட் அகாடமிதான். 1931 முதல் அறிவியல், தொழில்நுட்பச் சாதனைகளுக்கும் விருது தருகிறது. நடிகர்கள் விழாவில் அன்று, தனியாக வேறொரு நாளில். சிலருக்குச் சிலை, சிலருக்குக் கேடயம், சிலருக்குச் சான்றிதழ். வேறொரு நாளில் தருவதே அவமதிப்பு என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த விருதுக் குறிப்பில் கருவியின் பெயரோடு, அதை வடிவமைத்தவர் இன்னார், பொறியியல் செய்தவர் இன்னார் என்று பல நேரங்களில் பிரித்தே எழுதுகிறார்கள். 1978இல் ‘ஸ்டெடிகேம்’ கருவிக்கு விருது வந்தபோது கண்டுபிடித்த காரெட் பிரவுன் பெயரோடு, அதைத் தயாரித்த கம்பெனியின் பொறியாளர் குழுவையும், குழுவை நடத்திய ஜான் ஜர்கன்சையும் சேர்த்தே எழுதினார்கள்.

ஸ்டெடிகேம் பற்றி இரண்டு சொல். காமிராவைச் சுமந்து ஓடினால் படம் குலுங்கும். பிரவுன் காமிராவை ஒரு கம்பின் உச்சியிலும், பேட்டரியையும் சிறு திரையையும் அடியிலும் வைத்தார். நிறை மையத்தைவிட்டு விலக விலக நிலைமத் திருப்புத்திறன் கூடும், எளிதில் திரும்பாது என்று முதலாண்டில் படித்தோமே, அதுதான்! ஈர்ப்பு மையத்துக்குச் சற்று மேலே கம்பைத் தாங்கும் சுழல் பிடி. அதைச் சுருள்வில் கையொன்று ஓடுபவரின் இடுப்புக் கவசத்தோடு இணைக்கிறது. 1976இல் வந்த ‘ராக்கி’ படத்தில் குத்துச்சண்டை வீரன் பிலடெல்பியாவின் படிகளில் ஏறும் காட்சி இதனால் வந்தது. பிரவுன் தம் கருவியைச் சோதிக்கத் தம் தோழியை அதே படிகளில் ஓடவிட்டு எடுத்த துண்டுப் படத்தைப் பார்த்த பிறகே இயக்குநருக்கு அந்த எண்ணம் உதித்ததாம். கருவி கதைக்குக் காட்சி தந்திருக்கிறது! பிரவுன் பெயர் ஏன் மறையவில்லை? காப்புரிமை தம் பெயரில் வைத்திருந்தார், தாமே கருவியை மாட்டிக்கொண்டு படப்பிடிப்புகளில் ஓடினார், பிறருக்கும் கற்பித்தார். லாஸ்ட்டுக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை.

நம்மவர் ஒருவரும் அந்த மேடை ஏறியிருக்கிறார். 2009இல் ஏ. ஆர். ரகுமான் இரண்டு ஆஸ்கார் பெற்றதை நம் ஊர்க் குழந்தையும் சொல்லும். 2016இல் தூத்துக்குடியைச் சேர்ந்த கோட்டலங்கோ லியோன், படக்காட்சிகளைத் தயாரிப்பு நிலையிலேயே சரிபார்க்க உதவும் ‘ஐட்வியூ’ என்ற கணினி மென்பொருளுக்காக மேலும் இருவரோடு தொழில்நுட்ப விருது பெற்றார். எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே பேராசிரியப் பெருமக்கள் முன் ஒரு வேண்டுகோள். நம் இயற்பியல் துறைச் சேமிப்பறையில் பழைய பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்று தூசு படிந்து கிடக்கிறது. வருகிற பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் கண்காட்சியில் அதை வைக்க வேண்டும். (அந்த நாளே இராமன் விளைவுக்குரியது, அந்த ஆய்வில் உடனுழைத்த நம் வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன் பெயரையும் அன்று எழுதினால் நன்று.) புரொஜெக்டரின் ஒவ்வோர் உறுப்பிலும் ஓர் அட்டை தொங்கட்டும். பிலிமை விரல் போல் பற்றி இழுக்கும் நகத்தில் லூமியர் பெயர். தையல் இயந்திரத்தைப் பார்த்துத் தோன்றிய யோசனையாம் அது. லூப்பில் லேதம் பெயரோடு லாஸ்ட், டிக்சன் இருவர் பெயரும். அறுந்துபோன அதன் பெல்ட்டை வேறொரு கருவியின் பெல்ட்டை வெட்டி ஒட்டி மீண்டும் சுழல வைத்தவர் நம் ஆய்வக உதவியாளர். அவர் இசைந்தால் மோட்டாரின் அருகில் அவர் பெயரும்.

அட்டைகளை எழுத நான் தயார். என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்பதால் தமிழ்த் துறை நண்பர் ஒருவர் துணைக்கு வந்தால் நலம். புரொஜெக்டருக்கு விளக்குதான் இல்லை. எவர் வீட்டுப் பரணிலேனும் அதற்கேற்ற பல்பு இருந்தால் துறை அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.