பூச்சில் குறை; காரணம் அடியில்

சொந்தக் காருக்கு வீட்டிலேயே வர்ணம் பூசும் அன்பர்கள், குறை தோன்றியதும் மற்றொரு பூச்சால் அதை மறைக்க முற்படுவதுண்டு. அது வீண் செலவு. குறையின் உருவத்தை நோக்கினால் காரணம் புலப்படும்.

மீன்கண் போன்ற சிறு குழிகள் விழுந்தால், தகட்டில் எண்ணெயோ, மெழுகோ, சிலிகான் மெருகோ எஞ்சியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்ப்பதற்கு முன்பே மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்தல் வேண்டும். இன்றேல் மெழுகு கீறல்களுக்குள் புகுந்துவிடும். ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளம் தெரிந்தால், வர்ணம் கெட்டியாக இருந்திருக்கும், அல்லது ஸ்பிரே துப்பாக்கி தொலைவில் பிடிக்கப்பட்டிருக்கும். வர்ணம் வழிந்தால், துப்பாக்கி மிக அருகில் இருந்தது என்க.

மும்பை போன்ற கடலோர நகரங்களில் வாழும் நமக்கு மழைக்காலத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. லாக்கர் பூசிய இடம் பால் படர்ந்தாற்போல் வெளுக்கும். தின்னர் விரைந்து ஆவியாகையில் பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மீது படிகிறது. மெதுவாக உலரும் தின்னர் ஓரளவு உதவும். ஈரமற்ற நாளுக்குக் காத்திருப்பது அதனினும் நன்று.

இக்குறைகள் யாவும் திருத்தக்கவை. திருத்த இயலாத தீங்கு ஒன்று உண்டு. ஹார்டனர் கலந்து பூசும் பாலியூரிதேன் வர்ணங்களில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கிறது. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்போருக்கு ஆஸ்துமா உண்டாகலாம். மூக்கில் கட்டும் துணி அதைத் தடுக்காது. குழந்தைகள் விளையாடும் குடியிருப்பு வாசலில் அதனைத் தெளித்தல் ஆகாது. அவ்வேலையைத் தகுந்த பாதுகாப்புள்ள தொழிற்கூடத்தாரிடம் ஒப்படைத்துவிடுக.