கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் என்ன குற்றம்?

"ஃபைலுக்கு இங்கிலீஷ்லயே பேரு வைப்பா, எதுக்கு வம்பு?" கம்ப்யூட்டர் தெரிந்த அண்ணன்மார் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் தரும் அறிவுரை இது. நான் பி.காம் படிப்பவன், புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் இது சோம்பேறித்தனம் என்று சொல்ல புரோகிராம் தெரிய வேண்டியதில்லை.

சிக்கல் என்ன என்று பார்ப்போம். எங்கள் கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் விருத்தாசலத்தில் செராமிக் பொம்மையும் அகல் விளக்கும் செய்யும் சின்னக் கம்பெனிகள் நிறைய உண்டு. அப்படி ஒன்றின் கணக்கில் 'கொள்முதல்' என்று ஒரு ஃபைல் இருப்பதாக வையுங்கள். 'கொ'வில் உள்ள கொம்பையும் காலையும் யூனிகோடில் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம், தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். 1998-ல் வந்த ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் வைக்கும். அந்த மேக்கிலிருந்து திரும்ப லினக்ஸுக்கு வந்தால் ஒரே போல்டரில் இரண்டு 'கொள்முதல்'! ஒன்றின் பெயர் 27 பைட், இன்னொன்றின் பெயர் 30. ஒரே பார்ட்டிக்கு இரண்டு பேரேடு திறந்தால் எங்கள் வாத்தியார் முட்டை போடுவார்.

('கோப்பு' என்ற சொல்லிலேயே இந்தக் கோளாறு உண்டு. 'கோளாறு'விலும் உண்டு :-) )

2017-ல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. ஆக, முடியாத காரியம் இல்லை.

மேக் பணக்காரன் சமாச்சாரம் என்பீர்கள். சரி, 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தனவே? விண்டோஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 குறி இடம். லினக்ஸிலும் 255தான், ஆனால் பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் போனால் மிஞ்சுவது 85. ஆங்கிலக்காரனுக்கு முழு வீடு, நமக்கு மூன்றில் ஒரு பங்கு.

ஜிப் கதை இன்னும் மோசம். பெயரை யூடிஎஃப்-8-ல் எழுத 2006-லேயே விதி வந்துவிட்டது. அதன் பிறகு வந்த விண்டோஸ் 7கூட தமிழ்ப் பெயருள்ள ஃபைலை ஜிப்பில் போட மறுத்தது.

தமிழுக்கு ஒரே என்கோடிங் இல்லாத காலத்தில் சாக்கு சொன்னார்கள், ஒப்புக்கொள்கிறேன். 1999-ல் தமிழக அரசே டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது. ஆனால் 2010-ல் அதே அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று. இன்னும் என்ன சாக்கு?

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது பெயரைச் 'சுத்தம்' செய்யும் மென்பொருள்களைப் பார்த்தால்தான். எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தூக்கு என்று எழுதியிருப்பார்கள். புள்ளியும் காலும் கொம்பும் யூனிகோடு கணக்கில் எழுத்து இல்லை, குறி. விளைவு: கம்மாபுரம் 'கமமபரம' ஆகிறது, கொள்முதல் 'களமதல' ஆகிறது. இன்னும் சில தளங்கள் 'சிறப்பு எழுத்துகள் அனுமதி இல்லை' என்று விரட்டும். எங்கள் ஊர்ப் பெயர் எப்போது சிறப்பு எழுத்து ஆனது?

இங்கிலீஷில் வைத்தால் மட்டும் தீருமா? கொலு பொம்மைக்குக் 'கே' போடுவதா, 'ஜி' போடுவதா? பொம்மைக்கு 'பி'யா, 'பீ'யா? விருத்தாசலத்துக்கே ரயில்வே எழுதுவது ஒன்று, பஸ் போர்டில் இருப்பது வேறு. நான் ஒரு மாதிரி வைத்த பெயரைக் கூடப் படிப்பவன் வேறு ஸ்பெல்லிங்கில் தேடுவான், கிடைக்காது.

புரோகிராம் எழுதும் அண்ணன்களே, நான் கேட்பது ரொம்பப் பெரிய விஷயம் இல்லை. நான் வைத்த பெயரை மாற்றாதீர்கள். ஒப்பிடும்போது மட்டும் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிப் பாருங்கள். அடுத்த முறை சோதனை ஃபைலுக்கு 'டெஸ்ட் 1' என்று வைக்காமல் 'கொலு பொம்மை கொள்முதல்' என்று ஒன்றை வைத்து, மூன்று ஓ.எஸ்ஸிலும் ஒரு சுற்று அனுப்பிவிட்டு அப்புறம் வெளியிடுங்கள்.