வளர்ப்பவர் மட்டும்தான் காரணமா?

"கெட்ட நாய் இனம் என்று எதுவும் இல்லை, வளர்ப்புதான் சரியில்லை" என்கிறார்கள் ஆபத்தான நாய் இனங்களுக்கான தடையை எதிர்ப்பவர்கள். லாப்ரடார் எறிந்ததைக் கவ்வி வருவதும், பார்டர் கோலி மந்தையை மடக்குவதும் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததால் வந்த குணம் என்று இவர்களே பெருமையாகச் சொல்வார்கள். பிட்புல் பேச்சு வந்தால் மட்டும் பரம்பரை எங்கே போகிறது?

வளர்ப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் அது தவறும்போது என்ன ஆகும் என்பதை நாயின் உடல்தான் தீர்மானிக்கிறது. பொமரேனியன் கடித்தால் ஊசி, சில தையல்கள். ஐம்பது கிலோ ராட்வீலர் பாய்ந்தால்? 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. தலையில் பட்ட காயத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வளர்ப்பவர் செய்யும் தவறுக்குக் குழந்தை ஏன் விலை கொடுக்க வேண்டும்?

தெருநாய்களே அதிகம் கடிக்கின்றன என்பது உண்மை. அதற்குக் கருத்தடையும் தடுப்பூசியும் வேண்டும். அதைக் காட்டி இந்தத் தடையைத் தள்ளிப்போட முடியாது.

23 நாய் இனங்களைத் தடைசெய்யச் சொன்ன மத்திய அரசின் 2024 மார்ச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்பதே முக்கியக் காரணம். அந்த நாய்கள் ஆபத்தற்றவை என்று நீதிமன்றம் சான்று தரவில்லை. டெரியர், மாஸ்டிஃப் என்று மொத்தமாக எழுதிய அந்தப் பட்டியல் மோசமானதுதான். திருத்தி எழுதட்டும். வீட்டில் ஏற்கெனவே இருப்பவை கருத்தடையோடும் வாய்மூடியோடும் வாழட்டும். புதிய விற்பனையும் இனப்பெருக்கமும் நிற்க வேண்டும்.