அப்பா ஏன் இரவில் அடிக்கடி எழுகின்றார்?

நமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர். இளைப்பாறி நான்கு வருஷங்கள் ஆகின்றன. கொழும்பிலே வாழும் மகளின் வீட்டுக்கு மாதந்தோறும் சென்று பேரப்பிள்ளைகளைப் பார்த்து வந்தவர், திடீரெனப் பயணத்தை நிறுத்திவிட்டார். "பஸ்ஸிலே நெடுநேரம் இருக்க நாரி நோகிறது" என்று காரணமுஞ் சொன்னார். கலியாண வீட்டுக்குப் போனாற் பந்தலின் ஓரத்துக் கதிரையையே தேடுவார். இரவில் நான்கு ஐந்து முறை எழுந்து வளவுப்புறம் செல்வார். மனைவியார் விசாரித்தபோது, "வயது போனால் இதெல்லாம் வழக்கந்தானே" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஒரு மாரிகால இரவு. தடிமனுக்கென்று கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தவருக்கு நள்ளிரவில் ஒரு துளி சலமும் இறங்கவில்லை. அடிவயிறு வீங்கியது, வேதனை பொறுக்க முடியவில்லை. வைத்தியசாலையிலே குழாய் செலுத்தி நீரை இறக்கிய பின்னரே அவருக்கு மூச்சு வந்தது. சிறுநீரகங்களும் ஓரளவு பழுதுற்றிருந்தமை இரத்தப் பரிசோதனையிலே தெரிந்தது. "இரண்டு வருஷத்துக்கு முன்னரே வந்திருக்கலாமே, மாஸ்ரர்" என்றாராம் வைத்தியர். மாஸ்ரர் தலை குனிந்துகொண்டார்.

அவருக்கு நேர்ந்தது யாது? ஆண்களின் சலப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்து 'புரொஸ்ரேற்' என்னும் சுரப்பி ஒன்று உண்டு. வாலிபத்தில் அதன் நிறை ஏறக்குறைய 20 கிராம். நாற்பதைத் தாண்டியபின் பலருக்கு அது மெல்லப் பருக்கத் தொடங்குகின்றது. அறுபதை எட்டும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இப்பருமனைக் காணலாம். பருத்த சுரப்பி குழாயை நெருக்க, சலம் தொடங்கத் தாமதிக்கும், தாரை மெலியும், முடிந்தபின்னுஞ் சொட்டும், முற்றாகக் கழியவில்லை என்னும் உணர்வு எஞ்சும். தடிமன் மாத்திரைகள் சில, சலப்பையின் கழுத்தை இறுக்கவோ அதன் தசையைச் சோரச் செய்யவோ வல்லன. முன்னரே நெருக்குண்ட வழி அவற்றால் முற்றாக அடைபடுவதுண்டு.

இப்பருமன் புற்றுநோய் அன்று. மருந்தினால் வழியைத் தளர்த்தலாம். சுரப்பியைச் சில மாதங்களிற் சிறிது சுருங்கவுஞ் செய்யலாம். வேண்டுமாயின் வயிற்றைக் கீறாமலே, சிறுநீர் வழியாகக் கருவி செலுத்திச் சத்திரசிகிச்சை செய்யலாம்.

ஆனால், அதே சுரப்பியிற் புற்றுநோயும் தோன்றுவதுண்டு. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியிலே தொடங்குவதால், ஆரம்பத்திற் குழாயை நெருக்குவதில்லை. ஆகவே அறிகுறியும் காட்டுவதில்லை. தந்தைக்கோ சகோதரனுக்கோ அந்நோய் இருந்தவருக்கு அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஐம்பது வயதை அடைந்தவரும், இத்தகைய குடும்பத்தவராயின் நாற்பத்தைந்தை அடைந்தவரும், 'பி.எஸ்.ஏ.' என்னும் இரத்தப் பரிசோதனை தமக்கு வேண்டுமா என்பதை வைத்தியருடன் ஆலோசித்தல் நன்று. அவ்வெண் உயர்ந்ததுமே புற்றுநோய் என்று கலங்க வேண்டியதில்லை. சாதாரணப் பருமனும் கிருமித் தொற்றும் அதனை உயர்த்தும். எல்லாப் புற்றும் விரைந்து வளர்வதுமில்லை. இவற்றையெல்லாம் நிதானித்துச் சொல்ல வல்லவர் வைத்தியரே. அடுத்த வீட்டு நண்பரல்லர்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. சலத்தில் இரத்தம் கண்டால், நோவு இல்லாவிடினும், ஒரே முறை கண்டு நின்றுவிடினும், உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். புகைபிடிப்போர் இதிற் சிறிதும் தாமதிக்கலாகாது. சலப்பைப் புற்றுநோய்க்குப் புகையிலை முக்கிய காரணங்களுள் ஒன்று. இரவில் அடிக்கடி எழுவதற்கு நீரிழிவுங் காரணமாகலாம். எனவே ஆண்டுக்கொரு முறையாவது இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றையும் பார்ப்பித்துக் கொள்ளல் வேண்டும். இத்தகைய பரிசோதனைகளுக்கென்றே நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிற் சுகவாழ்வு நிலையங்கள் 2011ஆம் ஆண்டு தொடக்கம் அமைக்கப்பட்டன. ஆயினும் அங்கு வருவோரிற் பெரும்பாலோர் பெண்களே!

நீரிறைக்கும் இயந்திரத்தின் ஓசை சற்றே மாறினாலும் அன்றைக்கே திருத்துநரை அழைக்கின்றோம். நம் தேகம் இரண்டு வருஷம் முறையிட்டாலுங் காது கொடுப்பதில்லை. காரணம் துணிவன்று, வெட்கமே. வைத்தியர் முன் சில நிமிஷம் கூசுவதற்கு அஞ்சி, பேரப்பிள்ளைகளின் முகங்காணும் இன்பத்தையே இழந்தாரல்லவா அந்த ஆசிரியர்?

தாய்மார்களே, உங்கள் கணவர் வழக்கமாகச் செல்லும் இடங்களைத் தவிர்க்கத் தொடங்கினால் காரணத்தை அன்போடு விசாரியுங்கள். மாணவர்களே, இரவில் விழித்திருந்து படிப்பவர்கள் நீங்கள். அப்பா எத்தனை முறை எழுகின்றார் என்பதை வீட்டில் முதலில் அறிபவர்களும் நீங்களே. "வைத்தியரிடம் போவோம், அப்பா, நானுங் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். பலர் காத்திருப்பது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

ஆசிரியர் சிகிச்சை பெற்று இப்பொழுது நலமாயிருக்கின்றார். சிறுநீரகங்களின் பழுது முற்றாகத் தீரவில்லையெனினும், வைத்தியர் குறித்த நாளிற் தவறாது சென்று வருகின்றார். சென்ற மாதம் கொழும்புக்கும் போய் வந்தார்.